நாகர்கோவிலில் காலையில் எங்கே ஓடலாம்? ஒரு பழைய பி.டி. டீச்சரின் பதில்

"சென்னையில் ஒன்பது வருஷம் இருந்தேன், பெசன்ட் நகரில் தினமும் காலையில் ஓடிப் பழக்கம். இப்போது வீட்டிலிருந்தே வேலை என்று நாகர்கோவிலுக்கு வந்துவிட்டேன். இங்கே ஓடுகிற மாதிரி ஒரு பார்க் கூடக் கிடையாதா? அம்மா வேறு தனியாகப் போகாதே என்கிறார்" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதி பூங்காவைப் பற்றியது. அதற்குப் பதில் ஒரே வரி: நீங்கள் மனதில் வைத்திருக்கிற மாதிரிப் பூங்கா இங்கே இல்லை. அம்மா பேரில் ஒளித்து வைத்திருக்கிற கடைசி வரிதான் நிஜமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இருட்டு விலகும் நேரத்தில் ஒரு பெண் தனியாக, யாரும் நிறுத்தி விசாரிக்காமல், நாய் துரத்தாமல், ஒரு மணி நேரம் ஓட இந்த மாவட்டத்தில் இடம் உண்டா என்கிறீர்கள். உண்டு. ஆனால் அது பார்க் என்ற பெயரில் இருக்காது. அதனால்தான் பதில் நீளுகிறது.

நான் காரைக்குடியில் உடற்கல்விப் பயிற்சி முடித்து, நாஞ்சில் நாட்டுப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் பெண்பிள்ளைகளுக்கு பி.டி. எடுத்தவள். முதலில் வேலை பார்த்த பள்ளியின் மைதானம் கபடி ஆடவே போதாது. எண்ணூறு மீட்டர், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிற பிள்ளைகளை ஊர்க் குளத்தங்கரையில்தான் ஓடவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் நாலு நாள் ஓடுகிறேன்; நான் ஓட்டம் என்று சொல்வதை என் பேரன் வேகநடை என்கிறான். ஆகவே இடம், மண், காற்று, ஆள் நடமாட்டம் இவற்றைப் பற்றி தைரியமாகச் சொல்வேன். முட்டு, நெஞ்சு என்று வந்தால் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு டாக்டரிடம் அனுப்புவதுதான் என் வழக்கம்.

பெரிய ஊர்ப் பூங்காக்கள் எனக்கும் பழக்கம்தான். மகனைப் பார்க்க பெங்களூர் போனால் கப்பன் பூங்காவுக்கு ஓடிவிடுவேன். 1870-ல் போட்ட பூங்கா, இன்று ஏறத்தாழ 300 ஏக்கர். ஞாயிற்றுக்கிழமை உள்ளே வண்டி விடுவதில்லை என்பதால் அன்றைக்கு அது ஓட்டக்காரர்களின் ஊர். திருவனந்தபுரம் மியூசியம் வளாகமும் அப்படித்தான். மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்கு நாகர்கோவிலைவிட அதுவே பழகிய இடம். இங்கெல்லாம் நமக்குக் கிடைக்கும் சுகம் மரநிழலால் மட்டும் வருவதில்லை. ஐந்நூறு பேர் ஓடுகிற இடத்தில் ஐந்நூற்றியோராவது ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெசன்ட் நகரில் நீங்கள் ஒன்பது வருஷம் அனுபவித்தது கடற்காற்று பாதி, இந்தக் கூட்டம் பாதி. நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனாலும் அந்தக் கூட்டம் இங்கே சேரவில்லை. வேப்பமூடு பூங்கா குழந்தைகளை ஊஞ்சலில் விடவும், பென்ஷன் வாங்குகிறவர்கள் அரசியல் பேசவும் நல்ல இடம். அதில் ஓடினால் மூச்சு வாங்குவதற்கு முன்னால் அதே ஊஞ்சல் மறுபடி வந்துவிடும்.

கூட்டத்துக்குப் பக்கத்தில் வரக்கூடியது வடசேரி அண்ணா விளையாட்டரங்கம். காலையில் நடப்பவர்கள், போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பையன்கள், பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் என்று ஆட்கள் இருப்பார்கள். புது ஊரில் முதல் இரண்டு வாரம் இங்கே தொடங்குவதுதான் நல்லது. வேகப் பயிற்சிக்கும் இதைவிட வசதியான இடம் பக்கத்தில் இல்லை. இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் மாவட்டக் கொண்டாட்டம் இங்கேதான், ஒத்திகை நடக்கிற நாட்களில் உங்களுக்கு இடம் இருக்காது. இரண்டு, வளைவுகளில் எப்போதும் ஒரே பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தால் ஒரு காலில் மட்டும் பாரம் ஏறும். ஆட்கள் குறைவாக இருக்கும் நாளில் கடைசிச் சில சுற்றுகளை எதிர்ப்பக்கமாக, வெளி ஓரத்தில் ஓடுங்கள். என் பிள்ளைகளில் கணுக்கால் வலி என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லித்தான் அனுப்பினேன்.

ஆனால் நீங்கள் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிப் பழகியவர். மாட்டைச் செக்கில் கட்டின மாதிரி இருபத்தைந்து சுற்று சுற்ற மனசு வராது. அதற்குத்தான் குளத்தங்கரையும், பாசனக் கால்வாயான சானலின் கரையும். குமரி மாவட்டத்துக் குளங்களின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டும். செட்டிகுளம் போல, பெயரில் மட்டும் குளம் இருந்து பார்க்கக் கடையும் ஜங்ஷனுமாக ஆகிப்போனவை தவிர்த்து, நாஞ்சில் நாட்டில் எந்த ஊரிலிருந்தும் கால்மணி நேரம் நடந்தால் ஒரு கரை வந்துவிடும். கரையில் வண்டி குறைவு, ஏற்ற இறக்கம் கிடையாது, ஒரு பக்கம் தண்ணீர் என்பதால் காற்று குளிர்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நேரத்தில் அங்கே வேலை நடக்கும். மடை பார்க்க வருகிறவர், மாட்டை இறக்குகிறவர், புல் அறுக்கிற அக்காமார், துணி துவைக்க வருகிறவர்கள் என்று எப்போதும் யாராவது இருப்பார்கள். இத்தனை வருஷத்தில் நான் கண்டுகொண்டது இது: சும்மா உட்கார ஆட்கள் வருகிற இடத்தைவிட, வேலைக்கு ஆட்கள் வருகிற இடத்தில் பெண்ணுக்குத் தொந்தரவு குறைவு. வேலை செய்கிறவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார், இரண்டாம் நாள் தலையசைப்பார், மூன்றாம் நாள் வரவில்லையென்றால் நாலாம் நாள் "நேத்து எங்க மக்கா காணல?" என்று கேட்பார். சென்னைக்காரருக்கு இது விசாரணை மாதிரி இருக்கும். எனக்கு அது காவல்.

உங்களுக்கு நான் முதலில் காட்டுவது சுசீந்திரம், தேரூர்ப் பக்கம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற சாலையை ஒட்டியே சுசீந்திரம் குளம். அங்கிருந்து தேரூர் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர், கவிமணி பிறந்த ஊர். இரண்டு குளங்களும் சேர்ந்த இந்த ஈரநிலம் 94.23 ஹெக்டேர், 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தபடி ஓடலாம். பெங்களூர்ப் பூங்காவில் இது கிடைக்காது. வண்டியைச் சுசீந்திரம் கோயில் பக்கம், ஆட்கள் இருக்கிற இடமாக விட்டுவிட்டு, தேரூர் வரை போய் வந்த வழியே திரும்புங்கள். சுற்றி வளைத்து வேறு வழியாக வரலாம் என்ற ஆசை வேண்டாம். வயலுக்குள் இறங்குகிற வரப்பும் கரையும் இருட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். பறவை இருக்கிற பக்கம் பாட்டுச் சத்தம் போடாமல் போவது உங்கள் பொறுப்பு. முன்னால் ஒரு பையன் இடுப்பில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஓடுவான். நாரைகளைவிட எனக்குத்தான் கோபம் வந்தது.

சானல் விஷயம் கொஞ்சம் வேறு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து வழக்கமாக ஜூன் 1-ல் தண்ணீர் திறந்து பிப்ரவரி 28-ல் அடைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகத்துக்குமான கணக்கு அது. மழையைப் பொறுத்துச் சில வருஷம் தேதி முன்பின் ஆகும். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் கரையில் ஆள் இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும். மார்ச் முதல் மே வரை சானல் வறண்டு கிடக்கும்போது அதே கரை வெறிச்சென்றிருக்கும், பாட்டில் பொறுக்குகிறவரும் குடிக்க ஒதுங்குகிறவருமே மிஞ்சுவார்கள். அந்த மூன்று மாதம் நான் சானல்கரைக்குப் போவதில்லை. ஆசாரிப்பள்ளம் பக்கம் அனந்தனாறு சானல் உங்கள் வீட்டுக்குப் பக்கமாக இருந்தால், முதலில் ஒரு நாள் வெளிச்சத்தில் ஸ்கூட்டியில் போய்ப் பாருங்கள். கரையில் எங்கே பக்கச்சுவர் உடைந்திருக்கிறது, எந்த வளைவில் வீடுகள் முடிந்து தோப்பு தொடங்குகிறது என்பதெல்லாம் வெளிச்சத்தில் பார்த்து வைக்க வேண்டிய விஷயங்கள். நான் ஐம்பது வயதில் இதைச் செய்யாமல் ஒரு புதுக் கரையில் ஓடி, மடைக்கல்லில் கால் மாட்டி விழுந்து, ஆறு வாரம் கட்டுப் போட்டுக் கிடந்தேன். கரையில் புல் முழங்காலுக்கு வளர்ந்துவிட்டதென்றால் அன்றைக்கு அந்த வழி கிடையாது. பாம்பைப் பற்றி இதற்கு மேல் சொல்லி உங்கள் அம்மாவைப் பயமுறுத்த விரும்பவில்லை.

நேரம் பற்றி ஒரு விஷயம், சென்னையிலிருந்து வருகிற எல்லாரும் தப்பு பண்ணுகிற இடம் இது. சென்னையில் மே, ஜூன் மாதங்களில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் வந்துவிடும். நாம் அதைவிடத் தெற்கிலும் மேற்கிலும் இருக்கிறோம். இங்கே அந்த மாதங்களிலும் ஏறக்குறைய ஆறு மணி ஆகிவிடும், பிப்ரவரித் தொடக்கத்தில் ஆறு நாற்பதைத் தாண்டிவிடும். "அஞ்சரைக்கு நல்லா வெளிச்சம் இருக்குமே" என்ற சென்னைக் கணக்கோடு கிளம்பினால் பாதி ஓட்டம் இருட்டில் போகும். உங்களுக்கு நான் சொல்வது, கோடையில் ஐந்தே முக்கால், மாசியில் ஆறேகால். அதற்கு முன்னால் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் அன்றைக்கு விளையாட்டரங்கம், அல்லது தெருவிளக்கு இருக்கிற உங்கள் தெரு. ஏழரைக்கு மேல் வெயிலும் பள்ளி வேன்களும் சேர்ந்து வரும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

காற்றையும் சொல்ல வேண்டும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது வேடிக்கைக்கு இல்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று கிழக்கே பாயும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாகர்கோவிலிலிருந்து தோவாளைப் பக்கம் ஓடினால் போகும்போது சிறகு முளைத்த மாதிரி இருக்கும், திரும்பும்போது அந்தச் சிறகு சாக்காகி முதுகில் தொங்கும். முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புகிற மாதிரி வழியை வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வேகம் குறைவாக இருக்கும், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். அன்றைய நேரக்கணக்கைச் சென்னைக் கணக்கோடு ஒப்பிடாதீர்கள். மழை நமக்கு இரண்டு பருவத்திலும் உண்டு. தென்மேற்கு மழை நேரம் காலம் பார்க்காது. ஐப்பசி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு கட்டும், காலை ஓட்டத்துக்கு அவ்வளவு இடைஞ்சல் இல்லை. அறுப்பு சமயங்களில் சாலையில் வைக்கோல் காயப்போட்டிருப்பார்கள். பனியில் நனைந்த வைக்கோல் எண்ணெய் தடவின தரைபோல வழுக்கும், அதன் மேல் ஓட வேண்டாம்.

கடற்கரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பெசன்ட் நகரில் நீங்கள் ஓடியது பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய சாலையில். இங்கே சங்குத்துறை, சொத்தவிளை இரண்டும் அழகான கரைகள், சொத்தவிளை நல்ல நீளமும்கூட. ஆனால் நம் மணல் பல இடங்களில் சரிவு. ஓடும்போது ஒரு கால் மேலே ஒரு கால் கீழே என்று இடுப்பு கோணும். காய்ந்த மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது, ஏறத்தாழ 1.6 மடங்கு என்று அளந்திருக்கிறார்கள். ஆகவே அதை அதிகம் போனால் வாரம் ஒரு நாள், இருபது நிமிஷம், பலம் ஏற்றும் பயிற்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரமான கெட்டி மணலைத் தேடி அலைவாய் ஓரமாகப் போகிற பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். தெற்கே எங்கோ தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில் திடீரென்று ஏறி வரும். அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6-ம் தேதி, அந்த எச்சரிக்கை இருந்த நாளில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கரையில் மீன் ஏலம் நடக்கிற ஊர்களில் விடியற்காலையிலேயே ஆட்கள் இருப்பார்கள், காலைத் திருப்பலிக்குப் பெண்கள் கூட்டமாகப் போவார்கள். அந்த நேரத்தில் ஊர்ச்சாலையில் ஓடலாம். "இன்னைக்குக் கடல் எப்படி?" என்று மீன்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மணலில் இறங்குங்கள்.

நாலுவழிச்சாலையும் அதன் ஓரச்சாலையும் சிலருக்குப் பிடிக்கும், நேராக, மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும் என்பார்கள். எனக்குப் பிடிக்காது. கல்லும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள் போகிற வழியில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுவது எந்த ஊரிலும் புத்திசாலித்தனம் இல்லை. எந்தச் சாலையானாலும் வருகிற வண்டிக்கு எதிர்முகமாக, வலது ஓரத்தில் ஓடுங்கள், வெளிர்நிறச் சட்டை போடுங்கள். மலை வேண்டும் என்றால் மருந்துவாழ்மலை இருக்கிறது. ஏறுவது மூச்சுக்கு நல்லது, இறங்குவதுதான் தொடையைப் பிடிக்கும், குரங்குக்குப் பயந்து கையில் பழம் வைத்துக்கொள்ளாதீர்கள், கூட ஆள் இல்லாமல் போகாதீர்கள். உதயகிரிக் கோட்டை வனத்துறையின் பூங்காவாக இருக்கிறது. திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாயின் கல்லறையைப் பார்க்க, மரத்தடியில் நடக்க அருமை, ஆனால் டிக்கெட் எடுத்து உள்ளே போகிற இடம் அதிகாலை ஓட்டத்துக்கு ஒத்துவராது. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஓடிப் படம் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். 115 அடி உயரத்தில், தண்ணீர் கொண்டுபோகக் கட்டின பாலத்தின் ஓரத்து ஒடுங்கிய நடைபாதை அது, நடந்து பார்க்க வேண்டிய இடம். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காடு. அனுமதி வேண்டும், யானை இருக்கும். அவ்வளவுதான்.

இனி, ஆட்கள் பார்ப்பது. பார்ப்பார்கள். 1980-களின் கடைசியில் நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிள்ளைகளோடு கரையில் ஓடியபோது, "டீச்சருக்கு வீட்டுல என்ன பிரச்சினை?" என்று என் மாமியாரிடம் வந்து கேட்டார்கள். இன்றைக்கு அவ்வளவு இல்லை. ஆனாலும் புதுமுகம் என்றால் முதல் பத்து நாள் கண் இருக்கும். அந்தப் பத்து நாளும் ஒரே வழியில், ஒரே நேரத்தில் போங்கள். தினமும் வழியை மாற்று என்று இணையத்தில் பாதுகாப்புக் குறிப்புகள் சொல்லும். ஆள் தெரியாத பெரிய ஊருக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே நான் நேர்மாறாகச் சொல்வேன்: முதலில் உங்களை ஊர் தெரிந்துகொள்ளட்டும். கரை முடியும் இடத்தில் இருக்கிற டீக்கடையில் ஒரு நாள் நின்று கட்டன்சாயா குடியுங்கள், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் அப்பா பெயரைச் சொல்லுங்கள். அந்தத் தகவல் மறுநாள் கரை முழுக்கப் போய்விடும். இது என் அனுபவம், ஆய்வு இல்லை. யாராவது ஒருத்தன் பைக்கில் இரண்டு தடவை திரும்பி வந்தால் அப்போது இந்த அறிவுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆள் இருக்கிற பக்கம் நடந்து போய் நின்று, 181-ஐயோ 100-ஐயோ கூப்பிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். உடை உங்கள் வசதி. சென்னையில் போட்டதைப் போடுங்கள், இல்லை மேலே ஒரு நீளச் சட்டை போட்டால் மனசுக்கு லேசாக இருக்கிறதென்றால் அப்படிப் போங்கள். பருத்தி மட்டும் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை காயாது, நனைந்த பருத்தி தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும்.

நாய் பெரிய விஷயம். ஓடுகிறதைத் துரத்துவது நாயின் குணம். குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணை முறைக்காமல், முதுகு காட்டாமல், மெல்ல நடந்து அதன் எல்லையைத் தாண்டுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை அதோடு முடிந்துவிடும். குனிந்து கல் எடுக்கிற பாவனை பல நாய்களிடம் பலிக்கும், கூட்டமாக வந்தால் பலிக்காது. கடித்துவிட்டால், பல் பதிந்தாலும் சரி, கீறல் என்றாலும் சரி, ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். "வீட்டு நாய்தானே", "சின்னக் கீறல்தானே" என்ற பேச்சே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் கொஞ்சமும் இல்லை.

இனி உங்கள் அம்மா சொல்லப்போகிற அடுத்த வார்த்தை எனக்குத் தெரியும்: "ஓடினா முட்டு தேஞ்சு போவும்." பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த ஒரு கணக்கில், உடம்புக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருக்கிறவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும், போட்டிக்காகவே ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம் பேருக்கும் இடுப்பு அல்லது முட்டுத் தேய்மானம் இருந்தது. இதை வைத்து ஓட்டம் முழங்காலைக் காப்பாற்றும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். முட்டு வலிக்கிறவர் தானாகவே ஓடுவதை விட்டிருப்பார், அதனாலும் கணக்கு அப்படி வரலாம். ஆனால் அளவாக ஓடுவதால் முட்டு கெடும் என்பதற்கு அந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. மண் நல்லது, சிமெண்ட் கெட்டது என்பதும் நான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. தரை கடினமானால் கால் தானே கொஞ்சம் இளகி வாங்குகிறது, தரை மெதுவானால் கால் விறைக்கிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். காயம் பெரும்பாலும் வருவது தரையால் இல்லை, அவசரத்தால் என்பதுதான் நான் கண்ணால் பார்த்தது. ஒரு மாதம் ஓடாமல் இருந்துவிட்டு, வந்த முதல் வாரமே பழைய தூரத்தைப் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் என்னிடம் நொண்டிக்கொண்டு வந்தார்கள். வீடு மாறின அலைச்சலில் நீங்களும் சில வாரம் விட்டிருப்பீர்கள். பாதித் தூரத்தில் தொடங்குங்கள். விட்ட இடைவெளிக்குப் பிறகு உடம்பு மறுபடி புழுக்கத்துக்குப் பழக இரண்டு வாரம் எடுக்கும். அதுவரை மெதுவாகத்தான் ஓட வரும், அது உங்கள் குற்றம் இல்லை. ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அது என் எல்லைக்கு வெளியே, நேரே டாக்டர்.

நானாக இருந்தால் வாரத்தை இப்படிப் பிரிப்பேன்: செவ்வாய், வியாழன் விளையாட்டரங்கம், சனிக்கிழமை தேரூர்க் கரை, மனசிருந்தால் திங்கட்கிழமை வீட்டுப் பக்கத்துச் சானல். மாதம் ஒரு ஞாயிறு சொத்தவிளை. ஓடி முடித்தவுடன் ஒரு சிட்டிகை உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் இரண்டு மட்டி வாழைப்பழமும் போதும், காசு கொடுத்துப் பொடி வாங்க வேண்டாம். நம் மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. ஆனால் விலை ஏறினதற்கு அது காரணமா, கல்யாண சீசன் காரணமா என்று வடசேரிச் சந்தைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை அம்மாவையும் ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு போங்கள். தாணுமாலயன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அவர் குளத்தங்கரையில் மெல்ல நடக்கட்டும், நீங்கள் தேரூர் போய்த் திரும்புங்கள். நீங்கள் வந்து சேர்வதற்குள் அங்கே புல் அறுக்கிற இரண்டு பேரோடு அவர் பேசி, அவர்களில் ஒருத்தி உங்கள் சித்திக்கு எந்த வழியில் சொந்தம் என்று கண்டுபிடித்திருப்பார்.